கயிறு பிடிக்க ஆள் இருந்த படகு

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து என் வயிற்றில் பிறந்தது. இரண்டு, என் வீட்டுக்காரரின் அண்ணன் விட்டுப்போன பிள்ளைகள். ஏழில் எது எந்த வகை என்று வெளியார் ஒருவரும் இன்றுவரை கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும், அது நான் சம்பாதித்த கர்வம்.

எழுத்து எனக்குப் பிந்தித்தான் வந்தது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, சாயங்காலப் பள்ளியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. மலை இறங்குகிறவள் கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக வைக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. கூழ் காய்ச்ச மருமகள்கள் இருக்கிறார்கள்.

மாடு பார்த்து வாங்கிய பெண்கள் எங்கள் ஜவ்வாது மலையில் உண்டு. மாப்பிள்ளை பார்த்து முடித்தவர்கள் உண்டு. கடலில் மீன் பிடிக்கப் போகப் படகு பார்த்துப் பேசி முடித்தவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் தேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் மலைத்தேன் எடுக்கிறவர். பாறையின் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கி இறங்கி, நடுப்பாறையில் இருக்கிற அடையை அறுக்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். அந்த ஒருவன் யாராக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் பக்கத்தில் கண்டிப்பு உண்டு. அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது, பங்காளிக்குள் நிலத்தகராறு இருக்கும். சிநேகிதன் பிடிக்கக் கூடாது. பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். கயிற்றை விட்டால் தாலி அறுவது அவனுடைய அக்காவுக்கோ தங்கைக்கோ அல்லவா? அதனால் அவன் விட மாட்டான்.

எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. நான் இவருக்கு வாழ்க்கைப்பட்டேன். இவருடைய தங்கை என் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆகவே இவர் இறங்கினால் என் தம்பி கயிறு பிடிப்பான், தம்பி இறங்கினால் இவர் பிடிப்பார். பல வருஷம் அப்படி நடந்தது.

ஒரு சித்திரையில், இவர் பாறையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது தேனீக்கள் கலைந்து மேலே இருந்த தம்பியின் முகத்தை மொய்த்துவிட்டன. அவன் தடுமாறினான். கயிறு கையை உருவிக்கொண்டு ஓடியது. ஓடுகிற கயிற்றை அவன் மறுபடி இறுக்கிப் பிடித்திருக்கிறான். அதனால்தான் இவர் வேகம் குறைந்து விழுந்தார், இடுப்பு மட்டும் போயிற்று, உயிர் நின்றது. ஆனால் ஊரில் பேசியது வேறு. தேனீ கொட்டியதும் மச்சான் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றார்கள். ஊர்ப் பெரியவர் வந்து இவரைக் கேட்டபோது, “நான் பாறையப் பாத்துக்கினு இருந்தேன். மேல இன்னா நடந்துச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்?” என்றார். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலிலேயே என் தம்பி கெட்ட பெயரோடு நின்றுவிட்டான்.

நான் சொல்லிப் பார்த்தேன். “அவன் கையப் போய்ப் பாருங்க, தோலே இல்ல” என்றேன்.

“கூடப்பொறந்தவனுக்கு நீ பேசாம யாரு பேசுவா?” என்று இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதோடு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. இவர் தடி ஊன்றி நடக்கத் தேறினாலும் எதிலும் மனது வைக்கவில்லை. புளியமரத்தில்கூட ஏற மாட்டேன் என்றார். தின்னச் சொன்னால் தின்பார். பாறைப் பக்கம் பார்க்க மாட்டார்.

அப்படி மூன்று வருஷம் போன பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம். புளி நன்றாகக் காய்த்த வருஷம். ஜமுனாமரத்தூரில் எங்கள் புளியை வாங்கிய மண்டிக்காரர் அதை லாரியில் கடலூருக்கு அனுப்பினார். மாசி மகத்துக்குக் கடலில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் மூட்டை மேல் உட்கார்ந்து வரலாம் என்றார். புளியை இறக்கி, உப்பும் கருவாடும் ஏற்றித் திரும்ப இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்றார். அந்த மனுஷருக்கு நான் இன்றுவரை நன்றி நினைக்கிறேன். எங்கள் வாழ்க்கையில் வேலை இல்லாமல் ஊர் சுற்றியது அந்த ஒரு தடவைதான். பிள்ளைகளை என் மாமியாரிடம் விட்டுவிட்டு இவரைத் தள்ளாத குறையாக ஏற்றினேன். மூட்டை ஏற்றி இறக்கும் கூலி ஆளாக என் தம்பியும் அதே லாரியில் வந்தான்.

இவர் லாரியின் முன்பக்கம், தம்பி பின்பக்கம். நடுவில் நான். போளூர் இறங்கும் வரைக்கும் இவர் முன்னே பார்த்துக்கொண்டு வந்தார், அவன் பின்னால் போகிற மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரே பானைக் கூழை இரண்டு இடத்தில் கொண்டுபோய் ஊற்றினேன். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, ஒரு லாரில ரெண்டு ஓட்டல் நடத்துறியா?” என்றார்.

மகத்தன்று சாமிகளெல்லாம் கடலுக்கு வந்தன. கூட்டத்தோடு நாங்களும் முழுகினோம். குளித்து ஈரத்தோடு மணலில் நிற்கும்போது, அலைக்கு அப்பால் கட்டுமரத்தில் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். உட்காரவில்லை, நின்றுகொண்டு போனான். மரம் எழும்பினால் அவனும் எழும்பினான், இறங்கினால் அவனும் இறங்கினான். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் நிக்கிறான் பாருமே” என்றார். சற்றுப் பொறுத்து, “நாளைக்கு நான் அதுல போவணும்” என்றார்.

“எதுக்கு?”

“மீன் புடிக்க.”

எனக்குப் பயமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. இரண்டும் சேர்ந்தாற்போல வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஓடையில் கெண்டை பிடித்த ஆள். இடுப்புக்கு மேல் தண்ணீர் கண்டவரில்லை, நீச்சல் தெரியாது. வீட்டில் ஏழு பிள்ளைகள். ஆனால் மூன்று வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து ‘வேணும்’ என்று வந்த முதல் சொல் அது. வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

“போலாம். ஆனா எந்தப் படகுன்னு நான் பாக்குறேன்” என்றேன்.

“பாறைக்குக் கயிறு பாத்தவளும் நீதான். பாரு” என்றார்.

திருவிழாவுக்கு வருகிறவர்களில் ஆசைப்பட்டவர்களை ஏற்றிப்போய், தூண்டில் போடவிட்டுக் கூட்டி வருவது அங்கே சிலருக்கு வழக்கம். அன்று சாயங்காலம் நான் முன்னால் நடந்தேன். இவர் தடி ஊன்றிப் பின்னால் வந்தார். தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. “இங்கயும் நட்சத்திரம் பாக்குற கட்டடம் வெச்சிருக்கறாங்க, காவலூர்ல இருக்குற மாதிரி” என்றார் இவர். நானும் ஆமாம் என்றேன். வேறு எதற்கு அவ்வளவு உயரமாகக் கட்டுவார்கள்?

முதலில் ஒரு லாஞ்சுக்காரர். நீலப் பெயின்ட் அடித்த புது லாஞ்சு, இஞ்சின் வைத்தது, உள்ளே ரேடியோ பாடியது. “வாங்கம்மா, நம்ம லாஞ்சுல ஏறினா பஸ்ஸுல போற மாதிரி. டீ கூடப் போட்டுத் தருவோம்” என்றார்.

நான் கேட்டேன்: “உங்க சம்சாரத்துகூடப் பொறந்தவங்க யாருனா இதுல வேலை செய்யறாங்களா?”

“என் மச்சானா? அவன வெச்சிருந்தா டீசல வித்துக் குடிச்சிட்டுப் போயிருப்பான்” என்று சிரித்தார். அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள். வேலையாட்கள் ஆளுக்கொரு ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

அடுத்து ஒரு வாலிபன், சின்னக் கட்டுமரம் வைத்திருந்தவன். தன் தோள் வரைக்கும் கை வைத்துக் காட்டி, “இவ்ளோ பெரிய வஞ்சிரம் புடிச்சுத் தருவேன்” என்றான்.

“கூட யாரு வருவா?”

“நான் தனி ஆளும்மா. தவறி விழுந்தாலும் கடலம்மா புடிச்சுக்குவா.”

“அவ புடிச்சுக்கினா திருப்பித் தருவாளா?” என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

பின்னால் இவர் யாரிடமோ சொல்வது கேட்டது: “பொண்ணு பாக்க வந்தவ மாதிரி வூடு வூடா நின்னு உறவுமொறை கேட்டுக்கினு போறா பாருங்க.” திரும்பிப் பார்த்தேன். வாய் ஓரத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை படகு வேண்டுமானாலும் கேட்டிருப்பேன்.

கடைசியாக ஒரு குடிசைக்கு முன்னால் இரண்டு ஆண்கள் ஒரு வலையின் இரண்டு முனையில் உட்கார்ந்து, கிழிசலை அடைத்துக்கொண்டே உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தவள் என் வயதுக்காரி. அவளிடம் என் கேள்வியைக் கேட்டேன்.

“இதோ குந்தியிருக்குதே, இது என் கூடப்பொறந்தது. அது என் வூட்டுக்காரரு. தெனம் சண்டைதான் யக்கா. ஆனா ஒரே மரத்துலதான் போவும், ஒரே மரத்துலதான் வரும்” என்றாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. ஆனால் கட்டுமரத்தைக் காட்டச் சொன்னால், மணலில் தனித்தனிக் கட்டைகளாகக் கிடந்தது.

“ஐயையோ, உடைஞ்சு கெடக்குதே!” என்றேன்.

சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் ஒன்றாகச் சேர்ந்து சிரித்தார்கள். கரை வந்ததும் கட்டவிழ்த்துக் காய வைப்பார்களாம், மறுநாள் புதிதாகக் கட்டுவார்களாம். “தெனமும் கயிறு கண்ணுல படும். நைஞ்சது எது, நல்லது எதுன்னு தெரிஞ்சுடும்” என்றார் படகுக்காரர். நான் குனிந்து அந்தக் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கைக்குள் உருவிப் பார்த்தேன். தேன் கயிற்றை அப்படித்தான் பார்ப்போம், கண்ணால் அல்ல, உள்ளங்கையால். ஒரு பிரிகூட விட்டிருக்கவில்லை. “இதுதான் நம்ம படகு” என்றேன்.

படகுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். “நீச்சல் தெரியாதவரு இடுப்புல கயிறு கட்டித்தான் ஏத்துவேன். மறுமுனைய மரத்துல கட்டக் கூடாதும்மா. மரம் பொரண்டா ஆளும் அடியில போயிடுவாரு. ஒரு ஆளு கையில புடிச்சுக்கினே இருக்கணும். எங்க ரெண்டு பேருக்கும் கை ஒழியாது. புடிக்க உங்கள்ல நீச்சல் தெரிஞ்ச ஒருத்தர கூட்டியாங்க.”

நான் இவரைப் பார்க்கவில்லை. இவரும் என்னைப் பார்க்கவில்லை. “கூட்டியாரேன்” என்றேன்.

லாரி நின்ற இடத்தில் தம்பி மூட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“மாமா ஒத்துக்குவாராக்கா?”

“தெரியாது.”

“வேணாங்கா. எல்லார் எதிர்லயும் அவரு வேணாம்னுட்டா, அப்புறம் நான் மலை ஏற மாட்டேன்.”

“கயிறு யாரு புடிக்கணும்னு நம்ம ஊர்ல மொறை இருக்குது. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல. விடியக்காலம் வா” என்றேன். அவன் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷமாக அவன் கையை அப்படித்தான் வைத்துக்கொள்வான்.

விடிந்து வெளிச்சம் வந்தபோது மரத்தைக் கட்டி அலையோரத்தில் வைத்திருந்தார்கள். படகுக்காரர் இவர் இடுப்பில் கயிறு கட்டினார். “யாருங்க புடிக்கிறது?” என்றார்.

தம்பி வந்து நின்றான். இவர் அவனைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். படகுக்காரரின் மச்சான் பொறுக்காமல், “சட்டுனு புடிங்க, காத்து மாறிடும்” என்று கயிற்று முனையைத் தம்பியிடம் வீசினார். பிடிப்பதற்கு அவன் கையை நீட்டித்தானே ஆக வேண்டும்? நீட்டினான்.

இவர் அவன் கையைப் பிடித்தார். பிடித்துத் திருப்பினார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே, கயிற்றுப் பருமனுக்கு, பள்ளம் விழுந்து தழும்பாகக் கிடந்தது. பிரியின் முறுக்குகூட அதில் பதிந்திருந்தது. கயிற்றை விட்டவன் கையில் அது வராது. ஓடுகிற கயிற்றைப் பிடித்தவன் கையில்தான் வரும். அது இவருக்குத் தெரியாதா? இவரும் கயிறு பிடித்தவர்தானே.

ஒரு அலை வந்து எல்லார் காலையும் நனைத்துவிட்டுப் போனது. பிறகு இவர், கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“அன்னைக்குப் புடிச்ச மாதிரியே புடி, மச்சான்.”

தம்பி கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மரத்தில் ஏறினான்.

அவர்கள் போன பிறகு நான் மணலில் உட்கார்ந்தேன். படகுக்காரர் மனைவி கஞ்சியும் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். தன் சீப்பையும் நீட்டி, “தலைய சீவிக்கோ யக்கா, பேய் மாதிரி இருக்குற” என்றாள்.

“அவரு எறங்கி வர்ற வரைக்கும் சீவ மாட்டேன். தேனுக்குப் போனா எங்கள்ல அப்படித்தான்.”

அவள் சீப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள். “கடலுக்குப் போனா நாங்க வூட்டப் பெருக்க மாட்டோம்” என்றாள். பிறகு என்னோடு கூடவே உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அன்று எத்தனை வேலை இருந்திருக்கும்! எழுந்து போகவே இல்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காக அப்படி உட்கார்ந்தவளை நான் எப்படி மறப்பேன்?

வெயில் உச்சிக்கு வருமுன் மரம் திரும்பியது. முதலில் இவர் தலை தெரிந்தது. உட்காரவில்லை. ஒடிந்த இடுப்போடு, ஒரு கையால் படகுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்றுகொண்டு வந்தார். என் கண் மறைத்தது. உப்புக்காற்று என்று அவளிடம் சொன்னேன்.

கரையில் தள்ளியதும் படகுக்காரர் என் தம்பியைக் காட்டி, “இது இன்னா மனுசம்மா! போற வழியெல்லாம் வாந்தி, வர்ற வழியெல்லாம் வாந்தி. வாயத் தொடைக்கக்கூடக் கயித்த வுடல” என்றார்.

“வுட்டா எங்கக்கா உயிரோட வுடாது” என்றான் தம்பி. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது. முகம் வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருந்தது.

இவர் தூண்டிலில் ஒரு சங்கரா மீன் விழுந்திருந்தது. செக்கச் செவேலென்று, என் முழங்கை நீளம். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, “இந்தாமே, தேன்” என்று நீட்டினார். கூட இருந்தவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாறையிலிருந்து வந்ததும் முதல் அடையை அப்படித்தான் நீட்டுவார்.

அந்த மீனைப் படகுக்காரர் மனைவி புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். புளி எங்கள் மலைப் புளி, நான் முந்தானையில் கட்டிக்கொண்டு போனது. படகுக்காரரும் அவர் மச்சானும் ஒரு பக்கம், இவரும் என் தம்பியும் ஒரு பக்கம், ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே தின்றார்கள். இவர்கள் பேசாமல் தின்றார்கள். பேசாமல் இருந்தாலும், மீனின் நடுத்துண்டை இவர் எடுத்துத் தம்பி பக்கம் தள்ளியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தலையைச் சீவினேன்.

திரும்பும்போது லாரியில் கருவாட்டு மூட்டை மேல் இரண்டு பேரும் பின்பக்கம் உட்கார்ந்து வந்தார்கள். நான் முன்பக்கம் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தேன். வழியில் நிறுத்தியபோது டிரைவர் பார்த்துவிட்டு, “ஒரு ஓட்டல மூடிட்டியாம்மா?” என்றார்.

அடுத்த சித்திரையில் தம்பி தேனுக்கு இறங்கினான். மேலே உட்கார்ந்து, பாறையில் காலை உதைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தவர் இவர். இடுப்பு போனால் என்ன, கை இருந்ததே. அதன் பிறகு ஊரில் ஒருவரும் அந்தப் பழைய பேச்சை எடுக்கவில்லை. சில வருஷம் கழித்து, என் மூத்த மகளை என் தம்பி மகனுக்கே கட்டிக்கொடுத்தோம்.

அந்தப் படகுக்காரர் மனைவியை நான் மறுபடி பார்க்கவில்லை. கடலில் பெரிய அலை வந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போனதாக ரேடியோவில் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெரிய மகனைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். தேடிக் கண்டுபிடித்தான். குடிசை இல்லை, மரம் இல்லை, ஆனால் மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். “தலை சீவாத அக்கா நல்லா கீறாங்களா?” என்று கேட்டாளாம். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் எல்லாச் சாமிக்கும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். படுக்கையிலிருந்துதான் போனார், பாறையிலிருந்து இல்லை, கடலிலிருந்து இல்லை. அந்த மட்டும் எனக்குக் குறை கிடையாது. தம்பி இருக்கிறான். கண் தெரிகிறது, காது மந்தம். இப்போது எதிரில் கட்டிலில் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். கையை அக்குளில் செருகவில்லை. முட்டி மேல் விரித்து வைத்திருக்கிறான்.

என் மூத்த மகளின் மகள் பக்கத்தில் இருக்கிறாள். படகில் போனவருக்கும் அவள் பேத்தி, கயிறு பிடித்தவனுக்கும் அவள் பேத்தி.

இந்தா கண்ணு, இத வாங்கிப் படி. எழுத்து கோணலா இருந்தா நீயே நிமிர்த்திக்கோ. மெதுவாப் படி, ஆனா சத்தமாப் படி. உங்க தாத்தாவுக்குக் கேக்கணும். அவரு கயித்த வாங்குற எடம் வந்தா, அத மட்டும் ரெண்டு தடவ படி.